ஓனர் எங்கப்பா இருக்காரு?

இந்த வாரம் வந்த கேள்வில பாதிக்கு மேல வாடகை வீட்டு சங்கதிதான். சினிமா கேள்வி கேட்டவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்.

கேள்வி: அண்ணே, பதினாலு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம். ஓனர் தாத்தா தவறிட்டாரு, பசங்க வீட்ட பெங்களூர் ஆள் ஒருத்தருக்கு வித்துட்டாங்க. எங்க தெருவுல மட்டும் அவரு மூணு வீடு வாங்கியிருக்காராம், இதுவரைக்கும் மூஞ்சியக்கூட பார்த்ததில்ல. மேனேஜர்னு ஒரு பையன் "ஒரு மாசத்துல காலி பண்ணுங்க"ன்னு வாட்ஸப்ல போட்டுட்டான். போய்த்தான் ஆகணுமா? அட்வான்ஸ யார்கிட்ட கேக்குறது?
வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: முதல்ல பதறாதீங்கம்மா. வீடு கை மாறுனா நீங்க குடியிருக்குற உரிமை அதோட போயிடாது. சொத்து மாற்றுச் சட்டம் 109-வது பிரிவுல இது தெளிவாவே இருக்கு, வாங்குனவரு பழைய ஓனர் உக்காந்த நாற்காலில உக்கார்றாரு, அவ்ளோதான். புதுச்சேரில வாடகை கட்டுப்பாட்டுக்குன்னே 1969-ல போட்ட சட்டம் இருக்கு, அதுக்குள்ள உங்க வீடு வந்துச்சுன்னா தகுந்த காரணத்தக் காட்டி வாடகை வழக்க விசாரிக்குற கன்ட்ரோலர்கிட்ட மனு போட்டுத்தான் காலி பண்ண வைக்க முடியும், வாட்ஸப்ல நீல டிக் விழுந்தா காலி பண்ணணும்னு எந்த சட்டத்துலயும் இல்ல. கோர்ட்டுல இருக்குற இலவச சட்ட உதவிக்குப் போங்க, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்ளோன்னு பார்க்காமலே வக்கீல் வச்சுத் தரணும்னு 1987 சட்டமே சொல்லுது. வாடகைய மட்டும் ஒரு மாசம்கூட நிறுத்திடாதீங்க, பேங்க் வழியாவே போடுங்க, கைல கொடுத்தா அப்புறம் வரவே இல்லம்பாங்க. அட்வான்ஸ் விஷயத்துல, தாத்தா பசங்க அந்தப் பணத்த புது ஓனர்கிட்ட ஒப்படைச்சாங்களான்னு ரெண்டு பக்கத்துலயும் எழுதி வாங்குங்க, இத இப்பவே பண்ணிடுங்க, நாளாச்சுன்னா அவரக் கேளு இவரக் கேளுன்னு அலைய விடுவாங்க.

உங்கள ஏன் கிளப்பப் பாக்குறாங்கன்னு ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன். நம்ம நாட்டுல வீட்டு விலைல வருஷத்துக்கு ரெண்டு மூணு பர்சன்ட்தான் பொதுவா வாடகையா தேறும், மாச வாடகைக்கு விடறதுக்காக மட்டும் எவனும் கோடி ரூபாய் போட மாட்டான். ஆனா 12,000 வாடகை வர்ற அதே வீட்ட டூரிஸ்ட்டுங்களுக்கு சனி ஞாயிறு மட்டும் ஒரு ராத்திரி 3,000-னு விட்டா எட்டு ராத்திரிக்கு 24,000 ஆச்சா? துவைக்க, கூட்ட ஆள் சம்பளம், புக்கிங் கமிஷன்லாம் போனாலும் மிச்சம் இருக்கும். மாசம் பூரா குடியிருக்குற குடும்பம்தான் அந்தக் கணக்குல இடைஞ்சல்.

போன மாசம் குருசுக்குப்பம் பக்கம் ஒரு தெருவுல காலைல நடந்து போனேன். எந்த வீடு கை மாறிடுச்சுன்னு யாரையும் கேக்கவே வேணாம். வாசல்ல கோலம் இருக்காது, கதவுல நம்பர் போட்டு திறக்குற சாவி டப்பா தொங்கும், மொட்டை மாடில ஒரே மாதிரி எட்டு வெள்ளை பெட்ஷீட் காயும். ஒரு வீட்டுத் திண்ணைல யாரும் உக்காரக் கூடாதுன்னு வரிசையா செடித் தொட்டி வச்சிருந்தாங்க. பால் போடுற தம்பி அந்த வீட்டுக்கெல்லாம் சைக்கிள நிறுத்தறதே இல்ல.

கேள்வி: சார், பொண்ணும் மாப்பிள்ளையும் அமெரிக்கால அட்லாண்டா பக்கம் தனி வீடு வாடகைக்கு எடுத்திருக்காங்க. ஓனர் யாருன்னு கேட்டா "கம்பெனிப்பா"ன்னு சொல்றா. வீட்டுக்குக் கூடவா கம்பெனி ஓனர்?
ஓய்வு பெற்ற ஆசிரியர், லாஸ்பேட்டை

பதில்: ஆமாங்க ஐயா, அதுவும் உங்க பொண்ணு இருக்குற ஊருதான் அதுக்குப் பேர் போன ஊரு. 2008-ல அங்க வீட்டுக் கடன் மொத்தமா கவுந்துச்சுல்ல, தவணை கட்ட முடியாம லட்சக்கணக்கான குடும்பம் வீட்ட விட்டுச்சு, வீடுங்க ஏலத்துக்கு வந்துச்சு. சாதாரண ஆளுக்கு பேங்க் கடன் தராத நேரம், கைல ரொக்கம் வச்சிருந்தவங்க அள்ளிட்டாங்க. பிளாக்ஸ்டோன்ங்கிற பெரிய முதலீட்டு கம்பெனி 2012-ல இன்விடேஷன் ஹோம்ஸ்னு தனியா ஒண்ணு ஆரம்பிச்சுது, இன்னைக்கு அது கைல 80,000 வீட்டுக்கு மேல இருக்கு.

நாடு முழுக்க கணக்கெடுத்தா வாடகைக்கு இருக்குற தனி வீட்டுல இந்த மாதிரி பெரிய கம்பெனிங்க பங்கு ஏதோ மூணு பர்சன்ட்தான் வரும், "இதுக்கா இவ்ளோ கூச்சல்"னு தோணும். விஷயம் எங்க இருக்குன்னா அவங்க ஊர் ஊரா தூவல, சில ஊருல சில ஏரியாவுல குமிச்சுட்டாங்க. அட்லாண்டால மட்டும் அது கிட்டத்தட்ட 25 பர்சன்ட்னு அவங்க அரசாங்க தணிக்கை அமைப்பே 2024-ல எழுதியிருக்கு. நாலுல ஒரு வீடு! அப்புறம் அந்தத் தெருவுல வாடகை எவ்ளோன்னு முடிவு பண்றது யாரு? அதே 2024-ல இன்விடேஷன் ஹோம்ஸ் மேல அரசாங்கம் கேஸ் போட்டு 4.8 கோடி டாலர் கட்ட வச்சுது. விளம்பரத்துல ஒரு வாடகை காட்டுறது, உள்ள போனதும் ஸ்மார்ட் லாக்குக்கு இவ்ளோ, ஏசி ஃபில்டர் அனுப்பறதுக்கு இவ்ளோன்னு மாசாமாசம் ஏத்துறது, இதுதான் புகார். உங்க பொண்ண அக்ரிமெண்ட்ல வாடகைக்குக் கீழ இருக்குற வரியெல்லாம் ஒரு தடவ படிக்கச் சொல்லுங்க.

அதுக்காக அங்க வாடகை ஏறுனது முழுக்க இவங்களாலதான்னு சொன்னா அது பொய். 2008-க்கு அப்புறம் வருஷக்கணக்கா புது வீடு கட்டறதே குறைஞ்சு போச்சு, தட்டுப்பாட்டுலதான் இவங்க ஆட்டம். சொந்தமா வாங்க வக்கில்லாத குடும்பத்துக்கு நல்ல பள்ளிக்கூடம் இருக்குற ஏரியால வாடகைக்காவது வீடு கிடைச்சுதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க, அதுவும் நியாயம்தான்.

கேள்வி: எனக்கு மேல ரெண்டு கீழ ரெண்டுன்னு நாலு போர்ஷன். சென்னைலேர்ந்து ஒரு பார்ட்டி வந்து "மொத்தத்தையும் அஞ்சு வருஷத்துக்கு எங்ககிட்ட விடுங்க, ஆள் இருந்தாலும் இல்லைன்னாலும் மாசாமாசம் வாடகை உங்க அக்கவுண்ட்ல விழும்"ங்கிறாங்க. விடலாமா?
வீட்டுக்காரர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: உங்களுக்கு வேற சட்டம் சார். புதுச்சேரி எல்லைல இருக்குற முள்ளோடை தாண்டி தமிழ்நாட்டுப் பக்கம் ஆல்பேட்டை செக்போஸ்ட் வந்துட்டா பெட்ரோல் விலை மட்டுமில்ல, வாடகைச் சட்டமும் மாறிடும். தமிழ்நாட்டுல 2017-ல போட்ட சட்டம், 2019 பிப்ரவரிலேர்ந்து நடைமுறைல இருக்கு. வாய் வார்த்தை செல்லாது, எழுதி வாடகை அதிகாரிகிட்ட பதியணும். உங்க பார்ட்டி குடியிருக்க வரல, உள்வாடகைக்கு விட வர்றாங்க, அதுக்கு உங்க எழுத்துப்பூர்வ சம்மதம் வேணும், அந்தப் பேப்பர்லதான் உங்க பிடி இருக்கு. யாருக்கு விடலாம், எவ்ளோ நாளைக்கு, நாள் வாடகைக்கு விடலாமா கூடாதா, எல்லாத்தையும் எழுதுங்க. அவங்க கம்பெனிய மூடிட்டுப் போனா உள்ள இருக்குறவங்க அட்வான்ஸ் யார் பொறுப்புன்னும் எழுதுங்க, ஏன்னா அன்னைக்கு அந்த ஜனம் உங்க வாசல்லதான் வந்து நிக்கும். யாரு என்ன தகராறுன்னாலும் தண்ணி, கரண்ட்ட கட் பண்றது இந்தச் சட்டப்படி குத்தம்.

என்னையக் கேட்டா விட வேணாம்னுதான் சொல்லுவேன். நாலு போர்ஷனுக்கு எதுக்கு சார் நடுவுல ஒரு ஆளு?

கேள்வி: வெளியூர்க்காரன் பாண்டில வீடு வாங்கக் கூடாதுன்னு சட்டம் போட்டா என்ன?
வாசகர், நெல்லித்தோப்பு

பதில்: போட்டா நம்ம பசங்க சென்னைல ஃபிளாட் வாங்கறப்ப அவங்களும் போடுவாங்க. வாங்குறத தடுக்கறத விட, வாங்குன வீட்ட என்னவா ஓட்டுறான்னு பாக்குறதுதான் நடக்குற காரியம். பார்சிலோனால 10,101 டூரிஸ்ட் ஃபிளாட் லைசன்ஸ 2028 நவம்பரோட முடிச்சுக்கறோம், அப்புறம் புதுப்பிக்க மாட்டோம்னு மேயர் 2024-ல அறிவிச்சாரு. பெர்லின்ல இன்னும் ஒரு படி மேல, 3,000 வீட்டுக்கு மேல வச்சிருக்குற கம்பெனிங்க வீட்ட நகரமே எடுத்துக்கணுமான்னு 2021-ல ஓட்டு வச்சாங்க, பாதிக்கு மேல "எடு"ன்னு போட்டாங்க. ஓட்டு ஜெயிச்சுது, வீடு இன்னும் கம்பெனிங்க கைலதான் இருக்கு. நம்ம ஊருல மொத எந்தத் தெருவுல எத்தன வீடு நாள் வாடகைக்கு ஓடுதுன்னு ஒரு லிஸ்ட் எடுத்து வெளில ஒட்டட்டும், மத்தத அப்புறம் பேசுவோம்.

கேள்வி: இவ்ளோ பேசுறீங்களே, நீங்க சொந்த வீடா வாடகையா?
வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: வாடகைதாங்க. ஓனரம்மா கீழ இருக்காங்க, நான் மாடில. ஏழு வருஷத்துல ரெண்டு தடவதான் ஏத்துனாங்க, ஆனா ராத்திரி பத்து மணிக்கு மேல மிக்ஸி போட்டா கீழேர்ந்து கம்பால சீலிங்க இடிப்பாங்க. டேங்க்ல தண்ணி நிறைஞ்சு வழியுதுன்னு இப்பக்கூட கத்துறாங்க, போய் மோட்டர ஆஃப் பண்ணணும்.