சில ரிங்கிட்டுக்கு கேஸ் சென்சார் கிடைக்கும்போது, ஒளியிழையில் (ஒளியைக் கடத்தும் மெல்லிய கண்ணாடி இழையில்) உலோக ஆக்சைடு பூசி மாஸ்டர்ஸ் ஆய்வு செய்வது வீண்தானே?

என் வைவாவில் (ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வில்) தேர்வாளர் ஒருவர் இதையே கேட்டார், அதுவும் சிரித்துக்கொண்டே. அதனால்தான் எழுதுகிறேன். நீங்களும் பினாங்கு என்கிறீர்கள். சூப்பர்வைசர் தலைப்பைக் கையில் திணித்திருப்பார், வீட்டில் 'இதைப் படித்து என்ன வேலை?' என்று கேட்டிருப்பார்கள். சரியா?

அந்த மலிவு சென்சாருக்குள் இருப்பது டின் ஆக்சைடு. அதை 200, 300 டிகிரிக்குச் சூடாக்கி, மின்தடை மாறுகிறதா என்று பார்க்கிறோம். சமையலறைக்கு அது போதும். ஆனால் காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கக்கூடிய ஹைட்ரஜன் கசியும் இடத்தில் சூட்டையும் மின்சாரத்தையும் கொண்டுபோய் வைப்பானேன்? (வெடிப்புக் காப்பு உறை போட்டவையும் உண்டு, தெரியும், சண்டைக்கு வராதீர்கள்.) ஒளியிழை வழியாக அங்கே போவது வெளிச்சம் மட்டும்.

நான் பூசியது டங்ஸ்டன் ட்ரைஆக்சைடு. இழையின் மேலுறையைக் கொஞ்சதூரம் நீக்கி, மெல்லிய படலமாகப் பூசி, அதன்மேல் துளியூண்டு பல்லேடியம். ஹைட்ரஜன் மூலக்கூறைப் பல்லேடியம் அணுக்களாகப் பிரிக்கும். அவை ஆக்சைடுக்குள் புகுந்ததும் படலம் நீலமாகும், மறுமுனைக்கு வரும் ஒளி குறையும். நீலத்துக்குக் காரணம் ஆக்சிஜன் காலியிடங்கள்தான் (படலத்தில் ஆக்சிஜன் அணு இல்லாமல் போன இடங்கள்) என்று வாதிடும் கட்சியும் உண்டு. அவர்களோடு எனக்குப் பகை இல்லை.

ஒருநாள் ஹைட்ரஜனை நிறுத்தி நைட்ரஜனை விட்டுக்கொண்டே இருந்தோம். நீலம் போகவே இல்லை. லேப்பில் மூத்தவரான ஓர் அண்ணன், "படலம் செத்துப்போச்சு, வேற பூசு" என்றார். நான் காற்றுக் குழாயைத் திறந்தேன். திரையில் ஒளியின் அளவைக் காட்டும் கோடு மெல்ல மேலே ஏறியது. நிறம் போக ஆக்சிஜன் வேண்டும், நைட்ரஜனால் ஆகாது. வைவாவில் இந்த வரைபடத்தைக் காட்டியபோதுதான் அந்தத் தேர்வாளர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுத்தார்.

உண்மையான தொல்லை நம் ஊர் ஈரம். பல்லேடியத்தில் நீர் ஒட்டிக்கொண்டால் ஹைட்ரஜனுக்கு இடம் குறையும், சென்சார் மந்தமாகும். எங்கள் கட்டடத்திலோ மின்கட்டணம் மிச்சம் பிடிக்க இரவில் ஏர்கோனை அணைத்துவிடுவார்கள். காலையில் அடிக்கோடே (ஹைட்ரஜன் இல்லாதபோது திரையில் நிற்கும் கோடு) வேறு இடத்தில் நிற்கும். எழுதிக் கொடுத்தும் யாரும் அசையவில்லை.

இரவெல்லாம் அங்கேயே இருந்து பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். பக்கத்தில் அறை கிடைத்திருந்தால் செய்திருப்பேன். தீவில் கெலுகோரிலிருந்து பாயான் பாரு வரை தேடினேன். போனில் பெயரைக் கேட்டதும் 'இந்தியர்களுக்கு இல்லை' என்பார்கள், சிலர் விளம்பரத்திலேயே போட்டிருப்பார்கள். கடைசியில் அக்கரையில் உள்ள பட்டர்வொர்த்திலிருந்து மோட்டாரில் பாலம் தாண்டித்தான் வந்துபோனேன். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சூப்பர்வைசரிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்: வாயுவோடு ஈரப்பதத்தையும் அளந்து கலந்துவிடும் வசதி லேப்பில் இருக்கிறதா? இல்லையென்றால், கையெழுத்துப் போடும் முன்பே அதை வாங்கித்தரச் சொல்லுங்கள்.