தாயின் கையில் பாலாடை

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

நான் ஓர் அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸ். எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளை வாரக்கணக்கில் வைத்துப் பார்த்து, எடை ஏறியதும் வீட்டுக்கு அனுப்புகிறோம். டிஸ்சார்ஜ் அன்று எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிக் கையெழுத்தும் வாங்குகிறோம். ஆனாலும் இரண்டாம் நாளே “பயமா இருக்கு சிஸ்டர்” என்று திரும்பி வந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் படிக்காத அம்மாக்கள், சொன்னது மண்டையில் ஏறுவதில்லை. வீட்டில் மாமியார் வேறு ஒன்று சொல்கிறார். அடுத்த மாதம் புதிய நர்ஸுகளுக்கு நான் பயிற்சி கொடுக்க வேண்டும். தாய்மார்களுக்குத் தன்னம்பிக்கை வர அவர்கள் என்ன சொல்ல வேண்டும்? வீடியோ காட்டினால் போதுமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்,

“பயமா இருக்கு சிஸ்டர்” என்ற அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்ச நாளாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான். மூன்று வாரம் குழந்தை நம்மிடம் இருக்கிறது. எடை பார்ப்பது, பால் புகட்டுவது, துடைப்பது, துணி மாற்றுவது எல்லாமே நாம்தான். தாய் வெளியே உட்கார்ந்து பால் பீய்ச்சிக் கொடுத்தனுப்புகிறாள். கடைசி நாள் காலையில் அவளைக் கூப்பிட்டு, பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் ஒப்பித்து, குழந்தையைக் கொடுத்து அனுப்புகிறோம். அவள் பயப்படாவிட்டால்தான் நான் கவலைப்படுவேன்.

“படிக்காத அம்மாக்கள், மண்டையில் ஏறுவதில்லை” என்கிறீர்கள். இந்தப் பேச்சைத் தயவுசெய்து பயிற்சிக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒன்றரைக் கிலோ குழந்தையைத் தூக்கும்போது முதுகலை படித்தவளுக்கும் கை நடுங்கும். புதிய நர்ஸுகள் முன்னால் நீங்கள் ஒருமுறை இப்படிச் சொன்னால் போதும், பிறகு எந்தத் தாய் தடுமாறினாலும் அவர்களிடம் காரணம் தயாராக இருக்கும்.

வீடியோ காட்டுங்கள், தப்பில்லை. மாமியாரையும் வார்டுக்குள் வரவழையுங்கள். கை கழுவச் சொல்லி, ஒரு மணி நேரம் குழந்தையை அவர் நெஞ்சோடு கட்டிவிடுங்கள். இப்படிக் குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைக்கும் கங்காரு பராமரிப்பைத் தாய் மட்டும்தான் செய்ய வேண்டும் என்றில்லை.

நான் பேச வந்தது பாலாடையைப் பற்றி, பால் புகட்டும் அந்தச் சின்ன மூக்குக் கிண்ணத்தைப் பற்றி. தாய் முதல் தடவை பாலாடையைப் பிடிக்கிறாள். விளிம்பு குழந்தையின் உதட்டில் இடிக்கிறது. நாலு சொட்டு கழுத்தில் வழிகிறது. குழந்தை ஒரு இருமல் இருமுகிறது. உடனே நம் சிஸ்டர் “குடும்மா இங்க” என்று வாங்கி, இரண்டு நிமிடத்தில் அழகாகப் புகட்டி முடித்துவிடுகிறார். குழந்தைக்குப் பால் போய்விட்டது. ஆனால் ‘என் குழந்தை என் கையில் இருந்தால் ஆபத்து’ என்பதை அந்தத் தாய் கற்றுக்கொண்டுவிட்டாள். அதற்குப் பிறகு எத்தனை வீடியோ காட்டினாலும் அது அழியாது.

சிஸ்டர் ஏன் வாங்குகிறார் என்பது எனக்குத் தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால், கையில் பல குழந்தைகள், பக்கத்தில் மானிட்டர் அலறுகிறது. அந்த அவசரம் நியாயம்தான். ஆனால் ஒரு தாய் கற்றுக்கொண்டுவிட்டால் ஒரு நாளில் பன்னிரண்டு வேளைப் பால் சிஸ்டரின் கையைவிட்டு இறங்குகிறது. இந்தக் கணக்கைப் புதியவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

ஆகவே உங்கள் பயிற்சியின் முதல் பாடம் கையைப் பின்னால் கட்டிக்கொள்வது. சொல்லுக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். தாய் உட்கார்ந்திருக்க, நர்ஸ் அவள் பக்கத்தில் அதே உயரத்தில் உட்கார வேண்டும். குழந்தை விழித்திருக்கிறதா என்று தாயே பார்க்கட்டும். தூங்கும் குழந்தைக்குப் புகட்டினால் புரையேறும். தலையும் முதுகும் தாங்கி, பாதி உட்கார்ந்த நிலையில் மடியில் வைக்க வேண்டும். பாலாடையை விளிம்புவரை நிரப்பாமல் சற்றுக் குறைவாக ஊற்றி, அதன் மூக்கைக் குழந்தையின் வாயோரத்தில் உதட்டில் வைத்துச் சாய்க்க வேண்டும். கொஞ்சம் உள்ளே போனதும் நிறுத்தி, விழுங்கிய பிறகே அடுத்தது. பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது, விழுங்கும் முன்பே அடுத்ததை ஊற்றிவிடுகிறார்கள். குழந்தை வாயை மூடினாலோ சோர்ந்தாலோ வற்புறுத்தக் கூடாது.

நர்ஸின் கை எப்போது குறுக்கிடலாம்? நிறம் நீலமாக மாறினால், மூச்சு நின்றால். அந்த இரண்டுக்கும் மட்டும் உடனே. பால் வழிவதற்கு வேண்டாம், ஒரு இருமலுக்கும் வேண்டாம். இருமினால் “நிறுத்துங்கம்மா, கொஞ்சம் நிமிர்த்திப் பிடிங்க, இப்ப முகத்தைப் பாருங்க” என்று வாயால் சொன்னாலே போதும். அடுத்த முறை வீட்டில் இருமும்போது அவள் காதில் கேட்க வேண்டியதும் அந்தக் குரல்தான்.

அளவும் அவளுக்குத் தெரிய வேண்டும். கேஸ் ஷீட்டில் நாம் எழுதுவதை அவளிடம் ஏன் மறைக்கிறோம்? 1.5 கிலோ குழந்தை, கிலோவுக்கு 150 மில்லி என்றால் நாளுக்கு 225 மில்லி, பன்னிரண்டு வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 19 மில்லி. பத்து மில்லி பாலாடையில் ஏறக்குறைய இரண்டு தடவை. இது தெரிந்தால் ‘எனக்குப் பாலே இல்லை’ என்ற பயத்தில் பாதி குறைந்துவிடும்.

தன்னம்பிக்கைக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதற்குப் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1993-இல் கொண்டுவந்த 40 மணி நேரத் தாய்ப்பால் ஆலோசனைப் பயிற்சியில் நம்பிக்கை வளர்க்கும் ஆறு திறன்கள் இருக்கின்றன: தாய் நினைப்பதையும் உணர்வதையும் ஏற்பது, அவள் சரியாகச் செய்வதைக் கண்டு பாராட்டுவது, கைகொடுத்து உதவுவது, அப்போதைக்குத் தேவையானதை மட்டும் கொஞ்சமாகச் சொல்வது, எளிய பேச்சில் சொல்வது, கட்டளையிடாமல் ஒன்றிரண்டு யோசனை மட்டும் தருவது. இதில் நம்மவர்கள் சறுக்குவது பாராட்டில். “சூப்பர்மா” என்பது பாராட்டே அல்ல. “அவன் விழுங்குறவரைக்கும் காத்திருந்தீங்க பாருங்க, அதுதான் சரி” என்றால் நாளைக்கும் காத்திருப்பாள்.

“புரிஞ்சுதா?” என்ற கேள்விக்கும் தடை போடுங்கள். யாரும் ‘இல்லை’ என்று சொல்ல மாட்டார்கள். “வீட்டுக்குப் போய் உங்க அத்தைக்கு இதை எப்படிக் காட்டுவீங்க?” என்று கேளுங்கள். ஆபத்து அறிகுறிகளையும் அப்படியே. பட்டியலை ஒப்பிக்காதீர்கள். குழந்தை அமைதியாக இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணச் சொல்லுங்கள். 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் மறுபடியும் எண்ண வேண்டும், அப்போதும் அப்படியே என்றால் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பார்க்கட்டும். வயிறு சூடாக இருந்து பாதம் சில்லிட்டிருந்தால் குளிர்கிறது, நெஞ்சோடு கட்ட வேண்டும்.

கட்டுவதிலும் ஒரு வழக்கமான பிழை உண்டு, எழுதிவிடுகிறேன். இறுக்கம் குழந்தையின் மார்புப் பகுதியில் இருக்க வேண்டும், வயிற்றில் அல்ல. வயிறு நசுங்கினால் மூச்சுவிட முடியாது. துணியின் மேல்விளிம்பு காதுக்குக் கீழே வர வேண்டும், தலை ஒரு பக்கம் திரும்பி லேசாக நிமிர்ந்திருக்க வேண்டும். கழுத்து மடங்கினால் மூச்சுப்பாதை அடைபடும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பீர்கள். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. குழந்தையின் உடல்நிலை சீராகும்வரை காத்திருக்காமல் பிறந்த உடனே நெஞ்சோடு சேர்த்ததில் இறப்பு கால்பங்கு குறைந்தது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் என்றே பரிந்துரைத்துவிட்டது. நம் மத்திய அரசு 2017-லேயே குடும்பத்தைப் பராமரிப்பில் சேர்க்க வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. தாய் உள்ளேயே இருந்தால் நேரம் இருக்கிறது. முதல் நாள் கை கழுவித் தொடுவது, பிறகு நெஞ்சோடு கட்டுவது, குழாய்வழிப் பாலுக்கு சிரிஞ்சைப் பிடித்திருப்பது, பாலாடை, கடைசி ஓரிரு இரவுகள் குழந்தையோடு தனி அறையில் அவளே எல்லாம் செய்வது என்று படிப்படியாகப் போகலாம்.

பயிற்சியில் பாதியை பொம்மையும் பாலாடையும் வைத்து நடத்துங்கள், மீதியை வார்டில். புதிய நர்ஸ் தாயிடம் பேசித் தடுமாறும்போது “விலகும்மா, நான் சொல்றேன்” என்று நீங்கள் நுழையாதீர்கள். நீங்களும் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

பதிவேட்டில் ‘அறிவுரை வழங்கப்பட்டது’ என்ற கட்டத்தை அடித்துவிட்டு நான்கு கட்டம் போடுங்கள்: தானே புகட்டினாள், தானே கட்டினாள், தானே மூச்சு எண்ணினாள், இரவு தனியாகப் பார்த்துக்கொண்டாள். தேதியும் பார்த்த நர்ஸின் கையெழுத்தும் இருக்கட்டும். நான்கும் நிறையாமல் டிஸ்சார்ஜ் எழுத வேண்டாம் என்று உங்கள் குழந்தைகள் நல மருத்துவரிடம் பேசுங்கள். மறுத்தால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.