பில்லில் துபாய், கப்பல் போவது ஈரான்: சட்டம் என்ன சொல்லும்?

ஏற்றுமதி, சுங்க வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞன் நான். காரைக்கால் கூட்டத்தில் வந்த கேள்விகளில் நான்கு இங்கே.

திருவாரூர் ஆலைக்காரர்: சார், ஈரானுக்கு அரிசி கேட்கிறார்கள். பில்லில் துபாய் என்று போட்டுக்கொள்ளலாம் என்கிறார் தரகர். போடலாமா?

அண்ணே, அரிசியால் வம்பு இல்லை, அந்த பில்லால்தான் வம்பு. ஈரான் மீதான அமெரிக்க வர்த்தகத் தடைகளிலேயே உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு. வாங்குபவர் அமெரிக்காவின் தடைப்பட்டியலில் இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் அரசு தன்னைக் கட்டுப்படுத்துவதாகச் சொல்வது ஐ.நா. பாதுகாப்பு அவையின் தடைகளைத்தான். ஆனால் சேருமிடத்தைப் பொய்யாக எழுதினால் நம் சுங்கச் சட்டமே உங்களைப் பிடிக்கும். அப்புறம், டாலர் பணம் பெரும்பாலும் நியூயார்க் வங்கி வழியாகத்தான் நகரும். அமெரிக்க நீதிமன்றத்தின் கை நீள்வது அங்கேதான். பிஎன்பி பரிபா பிரெஞ்சு வங்கி. சூடான், ஈரான், கியூபா ஆட்களின் பெயரை மறைத்து டாலர் அனுப்பியதற்காக 2014-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சுமார் 890 கோடி டாலர் கட்டியது.

கும்பகோணம் சட்ட மாணவி: தெரியாமல் செய்திருந்தால்?

இந்தத் தடைகளுக்கு அடிப்படையான அமெரிக்காவின் 1977-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தெரியாமல் செய்தாலும் அபராதம் விழும். தெரிந்தே செய்தால் 20 ஆண்டு வரை சிறை. தெரிந்தே செய்ததை எப்படி நிரூபிப்பார்கள் என்கிறாயா? "ஈரான் என்று எழுதாதே" என்று அனுப்பிய ஒரு வரி மெயில் போதுமம்மா.

மன்னார்குடியிலிருந்து ஒருவர்: ஊரிலேயே இருந்துவிட்டால்?

இரு நாட்டிலும் குற்றமாக இருந்தால்தான் நாடு கடத்த முடியும். அதனால் நீங்கள் வெளியே வரும்வரை அமெரிக்கர்கள் காத்திருப்பார்கள். துருக்கித் தங்க வியாபாரி ரெசா சர்ராப் 2016-இல் குடும்பத்தோடு மயாமி போய் இறங்கினார்; ஈரான் தடைகளை மீறிய வழக்கில் அங்கேயே கைது.

நாகப்பட்டினம் அம்மா ஒருவர்: மகன் எண்ணெய்க் கப்பலில் இருக்கிறான். கப்பல் இருக்குமிடம் காட்டும் கருவியை அணைக்கச் சொல்கிறார்களாம்.

இதுதான் எனக்குக் கவலை தரும் கேள்வி. தடைப்பட்ட எண்ணெய் போவதை மறைக்கத்தான் பெரும்பாலும் அணைக்கச் சொல்வார்கள்; மாட்டுவது கப்பலில் இருப்பவர். 2019 ஜூலையில் கிரேஸ் 1 என்ற எண்ணெய்க் கப்பலை, ஸ்பெயினை ஒட்டிய பிரிட்டிஷ் பகுதியான ஜிப்ரால்டரில் பிடித்தார்கள். ஈரான் எண்ணெய் சிரியாவுக்குப் போகிறது என்று சந்தேகம். கைதானவர்களில் கப்பலின் கேப்டன் ஓர் இந்தியர், முதலாளி அல்ல. பிறகு விட்டுவிட்டார்கள். அடுத்து வந்த இந்தியக் கேப்டனுக்கு, கப்பலைப் பிடித்துக் கொடுத்தால் பல மில்லியன் டாலர் தருவதாக அமெரிக்க அதிகாரி மெயில் போட்டார். அவர் மசியவில்லை, அவர் பெயரும் தடைப்பட்டியலில் ஏறியது.

மகனிடம் சொல்லுங்கள் அம்மா: யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு அணைக்கச் சொன்னார்கள் என்று தன் நோட்டில் எழுதி வைக்கட்டும். ஒப்பந்தம் முடிந்ததும் இறங்கிவிடட்டும்.