எண்பது லிட்டர் பாலைத் தயிராக்கி விற்கலாமா?

கேள்வி: ஊத்துக்குளி அருகே எட்டுக் கறவை மாடுகள் வைத்திருக்கிறோம். நாளொன்றுக்கு எண்பது லிட்டர் பாலைச் சங்கத்துக்கு ஊற்றிவருகிறோம். இதைத் தயிராக்கிப் பாக்கெட்டில் விற்க விரும்புகிறோம். என்னென்ன அனுமதி தேவை, ஜிஎஸ்டி கட்ட வேண்டுமா? வீட்டில் உறையூற்றிப் பார்த்தபோது ஒருநாள் கெட்டியாகவும் மறுநாள் நீர் விட்டும் வருகிறது. காரணம் என்ன?

பதில்: நீங்கள் கடைசியாகக் கேட்டிருப்பதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். அனுமதிகள் பெறுவது சில வாரங்களில் முடிகிற காரியம். தினமும் ஒரேமாதிரித் தயிர் கொடுப்பதுதான் இத்தொழிலில் கடினமானது. இன்று கெட்டியாகவும் நாளை தண்ணீராகவும் வருகிற பாக்கெட்டை எந்தக் கடைக்காரரும் மூன்றாம் முறை வாங்க மாட்டார்.

நீர் விடுவதற்குப் பெரும்பாலும் பாலின் எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) குறைவும் காய்ச்சும் முறையுமே காரணம். பால் ஒரு பொங்கு பொங்கியதும் இறக்கிவிடாமல், 85 முதல் 90 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடங்களுக்குக் குறையாமல் வைத்திருந்தால், மோர்ப்புரதங்கள் தன்மை மாறி, பாலின் முக்கியப் புரதமான கேசினுடன் பிணைந்துகொள்ளும். அப்படி உறையும் தயிர் நீரைத் தன்னுள் பிடித்துவைக்கும். கலப்பின மாடுகளின் பாலில் எஸ்.என்.எஃப். 8.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் நாட்களில், லிட்டருக்குப் பத்து முதல் இருபது கிராம் வரை கொழுப்பு நீக்கிய பால்பவுடரைக் காய்ச்சுவதற்கு முன்பே கலந்துகொள்ளலாம். கெட்டிப்படுத்த மாவுப்பொருளைச் சேர்க்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது கலப்படம், ஒரு சொட்டு அயோடினில் நீலமாகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது உறை. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைக்கு ஊற்றுவது வீட்டுக்குச் சரி; விற்பனைக்குச் சரிவராது. ஊற்ற ஊற்ற நுண்ணுயிர்களின் விகிதம் மாறி, ஈஸ்ட்டும், சுகாதாரக் குறைவால் நுழையும் கோலிஃபார்ம் கிருமிகளும் கூடவே பெருகும். கடையில் பாக்கெட் பலூனைப்போல உப்பியிருந்தால் அது வெறும் புளிப்பு அல்ல, உள்ளே வாயு உண்டாக்கும் கிருமி நுழைந்துவிட்டது என்று பொருள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபேசிலஸ் பல்காரிகஸ் என்ற இரு தயிர் நுண்ணுயிர்களும் கலந்த, பாலில் நேரடியாகச் சேர்க்கும் கல்ச்சரை (தயார்நிலை உறையை) வாங்கி ஃப்ரீசரில் வைத்து, காய்ச்சிய பால் 42, 43 டிகிரிக்கு ஆறியபின் அளவாகச் சேருங்கள். மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை, மருத்துவர் சொல்லும் நாட்கள் முடியும்வரை தயிர்ப்பாலுடன் சேர்க்கவே கூடாது. அதிலுள்ள ஆன்டிபயாடிக் உறையின் கிருமிகளையும் கொன்றுவிடும். எண்பது லிட்டரும் உறையாமல் நிற்கும்.

பாத்திரத்தில் உறையவைத்துப் பிறகு பாக்கெட்டில் அள்ளி ஊற்றினால் கட்டி உடைந்து நீர் பிரியும். உறை சேர்த்த பாலையே பாக்கெட்டில் நிரப்பி, சீல் வைத்து, டப்பில் அடுக்கி, அசைக்காமல் உறையவிட வேண்டும். புளிப்பு ஏற ஏற இறங்கும் அளவீடான பி.எச். 4.6ஐ நெருங்கியதும் குளிரறைக்கு மாற்றுங்கள். டப்புகளுக்கிடையே காற்றோட்டம் விட்டால்தான் நடுவிலிருக்கும் பாக்கெட்டும் 5 டிகிரிக்குக் கீழே இறங்கும். அதற்கு முன்பே ஆட்டோவில் ஏற்றினால் குலுங்கலில் பாதிச் சரக்கு நீர்விடும்.

இனி அனுமதிகள். உணவுப் பாதுகாப்புத் துறையின் அனுமதி இல்லாமல் ஒரு பாக்கெட்கூட வெளியே போகக் கூடாது. 2011ஆம் ஆண்டு விதிமுறைகள், நாளொன்றுக்கு 500 லிட்டர் வரை பால் கையாள்பவருக்கும் ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவருக்கும் எளிய பதிவையும், அதற்கு மேற்பட்டோருக்கு உரிமத்தையும் வகுத்தன. உங்கள் பால் அளவு சிறிது, ஆனால் முழுவதையும் தயிராக்கினால் விற்றுமுதல் 12 லட்சத்தைத் தாண்டும். இவ்வரம்புகள் திருத்தத்துக்கு உட்பட்டவை. ஆகவே விண்ணப்பிக்கும் நாளில், உணவு உரிமத்துக்கான ஃபாஸ்காஸ் இணையதளத்தில் உள்ளதைப் பார்த்து, அத்துறையின் மாவட்ட நியமன அலுவலரிடமும் உறுதிசெய்துகொள்ளுங்கள். பொட்டலமிடுபவராகத் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவிலும் பதிய வேண்டும்.

பாக்கெட்டின்மேல் பொருளின் பெயர், எவ்வகைப் பாலில் செய்தது, நிகர எடை, அனைத்து வரிகளும் உட்பட அதிகபட்ச விலை, கிராமுக்கு என்ன விலை, தயாரித்த நாள், பயன்படுத்த வேண்டிய கடைசி நாள், தொகுதி எண், ஊட்டச்சத்து விவரம், உங்கள் முகவரி, புகார் எண், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதினான்கு இலக்கப் பதிவு அல்லது உரிம எண், சைவ உணவைக் குறிக்கும் பச்சைப் புள்ளி ஆகியவை இருக்க வேண்டும். பெயரில் குழப்பம் வேண்டாம். 'தஹி' என்ற இந்திச் சொல்லையே முதன்மையாக அச்சிடச் சொன்ன உத்தரவு தமிழகத்தின் எதிர்ப்புக்குப் பின் 2023 மார்ச் 30 அன்று திருத்தப்பட்டது. 'கர்ட்' என்று போட்டு அடைப்புக்குறிக்குள் 'தயிர்' என்று அச்சிடலாம். தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள பிளாஸ்டிக் தடையிலிருந்து தயிர் பாக்கெட்டுகளுக்கு விலக்கு உண்டு.

பாக்கெட்டிட்டு லேபிள் ஒட்டிய தயிருக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்படுகிறது. சில்லறையாக அளந்து கொடுப்பதற்கு வரியில்லை. ஆனால் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், உள்மாநிலத்தில் பொருள் விற்பவர் ஜிஎஸ்டியில் பதிவுசெய்ய வேண்டிய கட்டாயமில்லை. நீங்கள் எண்பது லிட்டரையும் தயிராக்கினாலும் அந்த வரம்பை நெருங்குவது அரிது.

கணக்கைப் போடும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: ஒரு லிட்டர் பாலில் ஏறத்தாழ ஒரு கிலோ தயிர்தான் வரும். சங்கத்து விலைக்கும் தயிர் விலைக்கும் உள்ள இடைவெளியில்தான் எரிபொருள், உறை, மின்சாரம், கடைக் கமிஷன், எல்லாவற்றுக்கும் மேலாகப் புளித்துத் திரும்பிவரும் ரிட்டன் ஆகியவை அடங்க வேண்டும். இரவில் ஃபிரிட்ஜை அணைத்துவிடும் கடைகள் பல. அங்கே புளித்ததன் நட்டமும் உங்கள் தலையில்தான் விழும். ஆகவே என் பரிந்துரை, முதல் ஆறு மாதங்கள் பெட்டிக்கடைகளை நாடாமல், உணவுப் பாதுகாப்புப் பதிவோ உரிமமோ பெற்றபின் இரண்டு மூன்று உணவகங்களுக்கும் சமையல் ஒப்பந்தக்காரர்களுக்கும் எவர்சில்வர் கேனில் அன்றன்றே கொடுப்பது. தயிர்சாதத்துக்கும் மோர்க்குழம்புக்கும் தினமும் வாங்குவார்கள், ரிட்டன் இராது, சீலிங் மெஷினுக்கு முதலீடும் உடனே தேவைப்படாது.

இன்னொன்று, சங்கத்துக்கு ஊற்றுவதை முற்றிலும் நிறுத்தாதீர்கள். ஐப்பசி மழையிலும் மார்கழிக் குளிரிலும் தயிர் விற்பனை சரியும். பசுந்தீவனம் மிகுந்து பால் கூடுவதும் அதே பருவத்தில்தான். முதலில் முப்பது லிட்டரை மட்டும் தயிருக்கு ஒதுக்கி, சித்திரை, வைகாசி முகூர்த்தங்களில் அதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.