வரப்பு, தேரி, பாறை, முள்: நெல்லைச் சீமையில் ஓட எந்த ஷூ?

நம் பக்கத்திலிருந்து வரும் கேள்விகளில் பாதி, "இருப்பதிலேயே லேசான டிரெயில் ஷூ (ரோடல்லாத மண், கல் தடங்களில் ஓடுவதற்கான ஷூ) எது?" என்றுதான் ஆரம்பிக்கிறது. லேசாக இருப்பது நல்லதுதான். ஆனால் எந்தத் தரையில் ஓடுகிறீர்கள் என்று தெரியாமல் எடையைப் பற்றிப் பேச எனக்கு மனம் வருவதில்லை. வாய்க்கால் கரையும் செம்மணல் மேடான தேரிக்காடும் கரிசலும் மலையடிவாரப் பாறையும் இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் அடங்கிவிடுகிற ஊர் நம்முடையது. அதனால் ஊரைச் சொல்லிக் கேட்டவர்களின் கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணாச்சி, காலையில் கன்னடியன் கால்வாய்க் கரையில் ஓடுவேன். நடுவில் வயல் வரப்பு, கடைசியில் மணிமுத்தாறு ரோடு. இரண்டு ஜோடி வாங்க வசதியில்லை. ஒன்றே போதுமா? – கல்லிடைக்குறிச்சி வாசகர்

போதும். அடிச்சோலில் இருக்கும் பற்களின் உயரம் 3 முதல் 4 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். 5, 6 என்று போனால் தார் ரோட்டில் சீக்கிரம் தேய்ந்துவிடும், ஓடும்போது காலடியும் நிலையாக இருக்காது. 2 மில்லிமீட்டர் என்றால் ஈர வரப்பில் பிடிக்காது.

வரப்புக்கு இன்னொன்றும் முக்கியம். இப்போது வருகிற பல ஷூக்களில் குதிகாலுக்குக் கீழே ஃபோம் மட்டும் 35, 40 மில்லிமீட்டர் இருக்கிறது. ரோட்டில் சுகமாக இருக்கும். ஒரு முழம் அகல வரப்பில், பாதம் பாதி புல்லிலும் பாதி சரிவிலும் விழும்போது, அந்த உயரமே கணுக்காலைப் புரட்டிவிடும். நீங்கள் 30 மில்லிமீட்டருக்குள் பாருங்கள்.

எடை? ஒரு ஷூ 250 முதல் 290 கிராம் வரை இருந்தால் தாராளமாக லேசான ஷூதான். ஒரு ஷூவுக்கு 100 கிராம் கூடினால் ஓடச் செலவாகும் ஆற்றல் சுமார் 1 சதவீதம் கூடுகிறது என்பது ஆய்வுகளில் பலமுறை வந்த கணக்கு. அப்படியானால் 60 கிராம் வித்தியாசத்துக்கு ஒரு மணி நேர ஓட்டத்தில் அரை நிமிடம்கூட வராது. அந்த 60 கிராமில்தான் விரல் முனைக் காப்பும் நல்ல ரப்பரும் இருக்கும். அதை விட்டுக்கொடுக்காதீர்கள். பெட்டியில் போட்டிருக்கும் எடை பெரும்பாலும் 8 அல்லது 9 சைஸுக்கு உரியது என்பதையும் மனதில் வையுங்கள்.

நல்ல ஆழமான பல் உள்ள ஷூ வாங்கியும் ஈரப்பாறையில் வழுக்குகிறது. ஷூவில் கோளாறா? – களக்காடு வாசகர்

கோளாறு இல்லை. பல் என்பது மண்ணைக் குத்திப் பிடிக்க. பாறையை அது குத்த முடியாது. அங்கே ரப்பர் எவ்வளவு பரப்பில் ஒட்டுகிறது, எவ்வளவு மென்மையானது என்பதுதான் கணக்கு. பற்கள் ஆழமாகவும் தள்ளித் தள்ளியும் இருந்தால் பாறையில் படும் ரப்பர் குறைந்துவிடும். சாலமன் ஸ்பீட்கிராஸ் மாதிரி சேற்றுக்கென்று செய்த ஷூக்கள் பாறையில் தடுமாறுவது இதனால்தான்.

மலைக்கு ரப்பர் அடி வந்த கதையே ஒரு துயரத்தில் தொடங்கியது. 1935-இல் ஆல்ப்ஸ் மலையில் ஆறு பேர் இறந்துபோனார்கள். அவர்கள் காலில் இருந்த காலணி அந்த மலைக்குத் தாங்கவில்லை. அவர்களின் தோழரான இத்தாலியர் விட்டாலே பிரமானி, அதற்குப் பிறகு 1937-இல் பல் வைத்த ரப்பர் சோலைக் கொண்டுவந்தார். அவர் பெயரைச் சுருக்கி வந்ததுதான் விப்ரம். இன்று ஈரப்பாறைக்கு அதே நிறுவனத்தின் மெகாகிரிப் ரப்பரைத்தான் பலரும் நம்புகிறார்கள்; ஹோக்கா ஸ்பீட்கோட்டில் அது இருக்கிறது. கொஞ்சம் விலைதான். கடையில் ஷூவைத் திருப்பிப் பல்லைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். லேசாக அமுங்கி மீண்டால் நல்லது. கட்டையாக நின்றால் ஈரப்பாறைக்கு ஆகாது.

ஒன்று மட்டும் திட்டமாகச் சொல்லிவிடுகிறேன். பச்சைப் பாசி படிந்த பாறையில் எந்த ரப்பரும் நிற்காது. அங்கே இறங்கி நடங்கள். அப்புறம், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஓடப் போகவே வேண்டாம்.

உடை முள்ளும் சீமைக்கருவேல் முள்ளும் சோலைத் துளைத்துக் காலில் ஏறுகிறது. லேசான ஷூவில் இதற்கு வழி இருக்கிறதா? – நாங்குநேரி வாசகர்

இதுதான் நம் ஊரின் உண்மையான பிரச்சினை. வெளிநாட்டு ஷூ விமர்சனங்களில் இதைப் பற்றி அதிகம் கிடைக்காது. அவர்கள் பெரும்பாலும் கல்லையும் சேற்றையும் பார்த்து எழுதுகிறார்கள். குளத்தங்கரையில் விறகு வெட்டிப்போட்ட சீமைக்கருவேல் கிளையைப் பார்த்ததில்லை.

ஷூவை லேசாக்க நிறுவனங்கள் செய்வது என்னவென்றால், அடிரப்பரை முழுக்க ஒட்டாமல் அங்கங்கே துண்டு துண்டாக ஒட்டி, நடுவில் ஃபோமை வெளியே தெரியவிடுவார்கள். அந்த இடைவெளியில்தான் முள் ஏறும். ஃபோம் முள்ளுக்கு ஒரு தடையே இல்லை. ஆகவே ரப்பர் முழுதாக மூடிய சோலாகப் பாருங்கள். அதோடு ராக் பிளேட் என்று ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகடு சில ஷூக்களில் முன்பாதத்துக்கு அடியில் இருக்கும். கூர்கல் உறுத்தாமல் இருக்க வைத்தது. நமக்கு முள்ளுக்கும் உதவுகிறது. சில ஷூக்களில் தகட்டுக்குப் பதில் நெய்த துணி அடுக்கு ஒன்றைப் பிளேட் என்பார்கள். அது கல்லுக்குச் சரி, முள்ளை முழுதாக நிறுத்தாது. குதிகால் பக்கம் பெரும்பாலும் தகடு கிடையாது, அங்கே ரப்பர் தடிப்புதான் காப்பு. ஆடு மேய்க்கும் பெரியவர்கள் டயர் செருப்பை விடாததற்குக் காரணம் இருக்கிறது. அந்த அளவு காப்பை 260 கிராம் ஷூவில் எதிர்பார்க்க முடியாது. முள் அதிகமான தடமென்றால் 300 கிராம் வரை போகத் தயங்காதீர்கள்.

இன்னொரு ஆபத்து, முள் அன்றைக்கே குத்துவதில்லை. பாதியில் ஒடிந்து ஃபோமுக்குள் தங்கிவிடும். நீங்கள் ஓட ஓட ஃபோம் அமுங்கி, நாலைந்து நாள் கழித்து முனை மேலே எட்டிப் பார்க்கும். அதனால் ஓடி முடித்ததும் சோலைக் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்புப் புள்ளி தெரிந்தால் முள்வாங்கியால் எடுங்கள். பிறகு உள்சோலை வெளியே எடுத்துவிட்டு, ஒரு பஞ்சு உருண்டையை உள்ளே மெதுவாகத் தேய்த்து இழுங்கள். முள் முனை இருந்தால் பஞ்சு சிக்கிக்கொள்ளும். வெறும் விரலை விட்டுத் தடவ வேண்டாம்.

தேரியில் ஓடினால் பத்து நிமிடத்தில் ஷூ முழுக்கச் செம்மண். என்ன செய்ய? – திசையன்விளை வாசகர்

தேரி மணல் பொடி. வலை மாதிரித் துளை உள்ள மேல்துணி என்றால் அது வழியாகவே உள்ளே வந்துவிடும். வாய்ப்பக்கத்தை மட்டும் அடைத்துப் பயனில்லை. நெருக்கமாக நெய்த மேல்துணி, நாக்குப் பகுதி இரண்டு பக்கமும் தைத்து ஒட்டியிருப்பது, இவை இரண்டையும் பாருங்கள். அதற்கு மேல் கணுக்காலைச் சுற்றிப் போடும் கெய்ட்டர் துணி உறை. பல்லைப் பற்றிக் கவலையே வேண்டாம், தளர்ந்த மணலில் எந்தப் பல்லும் ஒன்றுதான். லேசான ஷூவுக்கு உண்மையாகவே பலன் தெரியும் இடமும் தேரிதான், ஒவ்வொரு அடியும் காலைப் பிடுங்கி எடுக்க வேண்டியிருப்பதால். ஆடியில் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது உவரிக் கடற்கரையின் ஈர மணலுக்குப் போய்விடுங்கள்.

மழை பெய்தால் கரிசல் ஒட்டி ஒரு கிலோ ஷூ ஆகிவிடுகிறது. – சங்கரன்கோவில் வாசகர்

எந்த ஷூவும் ஈரக் கரிசலை உதறாது. பற்கள் தள்ளித் தள்ளி இருந்தால் கொஞ்சம் உதிரும், அவ்வளவுதான். மழை விட்டு மேல் மண் காயும்வரை ரோட்டில் ஓடுங்கள்.

குற்றாலச் சாரலுக்கு வாட்டர்புரூஃப் ஷூ எடுக்கலாமா? – தென்காசி வாசகர்

வேண்டாம். மேல்வழியாக ஒருமுறை தண்ணீர் புகுந்தால் வெளியே போகாது. நம் வெயிலுக்கு வேர்வையே உள்ளே நின்றுவிடும். சாதாரண வலைத்துணி ஷூ நனையும், ஓட ஓட வடிந்தும்விடும். பருத்தி சாக்ஸைத் தவிருங்கள். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காய வையுங்கள். வெயிலில் வைத்தால் பசை விட்டுப்போகும்.

சார், பெண்களுக்கான ஷூ எல்லாம் விரல் பக்கம் நெருக்குகிறது. ஆண்கள் ஷூ போடலாமா? – பாளையங்கோட்டை கல்லூரி மாணவி

தாராளமாகப் போடலாம் மா. பெண்களுக்கான அச்சு பொதுவாகக் குறுகலாக இருக்கும். செருப்பும் வெறுங்காலுமாக வளர்ந்த நம் பாதத்தில் விரல்கள் விரிந்திருக்கும். ஆல்ட்ரா போன்ற சில நிறுவனங்கள் முன்பக்கத்தை அகலமாகவே செய்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலும் குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரம். கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் பழக வாரக்கணக்கில் ஆகும். முதல் ஷூவாக வேண்டாம்.

வாங்கப் போவது சாயங்காலமாக இருக்கட்டும், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். ஓடப்போகும் சாக்ஸையே கொண்டுபோங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இறக்கத்தில் நகம் கறுப்பது அந்த இடம் இல்லாததால்தான். குதிகால் தளர்ந்தால் சைஸைக் குறைக்காதீர்கள். கடைசியில் கூடுதலாக ஒரு ஓட்டை இருக்கிறதே, அதில் லேஸை வளையம்போல் கோத்து, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் விட்டு இழுத்துக் கட்டுங்கள்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது? – வள்ளியூர் வாசகர்

500 முதல் 800 வரை என்பது பொதுவான அளவு. லேசான ஃபோம் என்றால் 500-ஐ ஒட்டியே இருக்கும். முன்பாதத்துப் பற்கள் பாதியாகிவிட்டால் அந்த ஜோடியை ரோட்டுக்கு ஒதுக்கிவிடலாம். மேஜைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள்: குதிகால் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் ரோட்டுக்கும் ஆகாது.