உங்கள் மூங்கிலுக்கு என்ன வயது?

அன்புள்ள அக்கா,

பதினோரு வருடம் முன்பு நர்சரியில் வாங்கி வரப்போரம் நட்ட முள்மூங்கில் இந்த வருடம் பூத்துவிட்டது. இலை கொட்டி, புதர் முழுக்கக் கதிராக நிற்கிறது. மூங்கில் நாற்பது வருடம் கழித்துத்தானே பூக்கும்? நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டாரா? பூத்தால் பஞ்சம் வரும், உடனே வெட்டு என்கிறார் அம்மா. வெட்டுவதற்கு அனுமதி வேண்டுமா? அடுத்து எந்த ரகம் நட்டால் லாபம்? சோதனைக் குழாயிலேயே மூங்கிலைப் பூக்க வைத்துவிட்டார்களாம். அப்புறமும் இது எப்போது பூக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லையே, ஏன்?

கே., அகளி, அட்டப்பாடி

அன்புள்ள கே.,

அனுமதி விஷயம் சின்னது. 2017-இல் வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை 'மரம்' என்ற வரையறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மற்றதை உங்கள் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கடிதத்தைப் படித்ததிலிருந்து என் மனசில் நிற்பது அந்தப் பதினோரு வருடம்தான்.

நர்சரிக்காரரை ஏன் திட்டுகிறீர்கள்? அவர் கொடுத்தது விதையில் முளைத்த கன்றா, பழைய புதரின் கிழங்கிலிருந்தோ கழியிலிருந்தோ எடுத்ததா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வாங்கும்போது நீங்கள் கேட்டிருக்கவும் மாட்டீர்கள். மூங்கிலின் வயதை நட்ட நாளிலிருந்து எண்ணக் கூடாது தம்பி, விதை முளைத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். முப்பது வயதுப் புதரின் கிழங்கை வெட்டி உங்கள் வரப்பில் வைத்தால், வைத்த அன்றைக்கே அதற்கு முப்பது வயது. தாய்ப்புதர் பூக்கும்போது அதுவும் பூக்கும். ஏதோ ஒரு தனிப்புதர் காலம் தப்பிப் பூப்பதும் உண்டு, ஆனால் உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது கிழங்கைத்தான்.

ஜப்பானில் மடாகே என்று ஒரு மூங்கில் இருக்கிறது. சுமார் 120 வருடத்துக்கு ஒருமுறை பூக்கும். 1960-களின் கடைசியில் அங்கே அது பூத்தபோது, அங்கிருந்து வேறு நாடுகளுக்குக் கொண்டுபோய் நட்டவையும் ஏறக்குறைய அதே காலத்தில் பூத்தன. மண்ணும் மழையும் மாறியும் கணக்கு மாறவில்லை. இந்த 120 என்ற எண் எப்படிக் கிடைத்தது தெரியுமா? சீனாவில் 999-ஆம் ஆண்டு அது பூத்ததை யாரோ எழுதி வைத்தார்கள். பிறகு ஜப்பானில் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் 1840-களிலும் பூத்ததை எழுதி வைத்தார்கள். அவ்வளவுதான். எந்தக் கருவியும் அந்த எண்ணைக் கண்டுபிடிக்கவில்லை.

என் ஊர் பந்தலூர் பக்கம், வயநாட்டை ஒட்டி. அங்கே முள்மூங்கில் மொத்தமாகப் பூத்த வருடம், பணியர் பழங்குடிப் பெண்கள் புதருக்கடியில் முள்ளை ஒதுக்கித் தரையைப் பெருக்கி, உதிர்ந்த மூங்கிலரிசியை முறத்தில் அள்ளினார்கள். அவர்களில் வயதான ஒருவர், போன முறை பூத்தபோது தன் மூத்த மகள் வயிற்றில் இருந்தாள் என்றார். எந்தச் சரிவு முதலில் பூத்தது, எது அடுத்த வருடம் பூத்தது என்றுகூடச் சொன்னார். அந்த மகளும் பக்கத்தில்தான் புடைத்துக்கொண்டிருந்தார், அவர் வயது ரேஷன் கார்டில் இருக்கிறது. அதே வாரம் ஜீப்பில் ஒரு ஆய்வுக்குழு வந்தது. புதரின் சுற்றளவை அளந்தார்கள், கதிரை ஒடித்துக் காகிதத்துக்குள் வைத்தார்கள், கிளம்பிவிட்டார்கள். பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்த அந்தப் பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. இன்னும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை. அந்தச் சரிவின் வயது அவரிடம் இருந்தது!

சோதனைக் குழாய்க்கு வருகிறேன். புனேயில் தேசிய இரசாயன ஆய்வகத்தில் செய்தார்கள், 1990-இல் 'நேச்சர்' இதழில் வந்தது. அவர்கள் பூக்க வைத்த இனங்களில் உங்கள் முள்மூங்கிலும் ஒன்று. சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கியைச் சேர்த்து வளர்த்த நாற்றுகள் சில மாதங்களிலேயே பூத்து விதையும் வைத்தன. அருமையான வேலை. ஆனால் பூவை வரவழைப்பது ஒன்று, காட்டில் நிற்கும் புதர் வருடங்களை எப்படி எண்ணுகிறது என்று அறிவது வேறொன்று. ஒரு ஆய்வாளர் வேலையில் சேர்ந்து ஓய்வு பெறுவதற்குள் ஒரு புதர் ஒருமுறை பூக்கலாம், பூக்காமலும் போகலாம். பீச்சியில் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியதே 1975-இல்தான். அவர்களும் பாலோடு என்ற ஊரில் இருக்கும் தாவரவியல் தோட்டத்தாரும் பல இன மூங்கில்களை வளர்த்து வைத்திருக்கிறார்கள். எந்தக் கன்று எங்கிருந்து வந்தது, விதையா கிழங்கா என்று எழுதியிருந்தால்தான் நாளைக்கு அங்கே பூக்கும் பூவுக்குக் கணக்குப் போட முடியும்.

இனம் பிரிப்பதிலும் இதே பாடுதான். உலகத்தில் 1,600-க்கு மேல் மூங்கில் இனங்கள் உண்டு. செடிகளைப் பூவை வைத்துப் பிரிப்பது வழக்கம். பல பத்தாண்டு பூக்காத ஒன்றை என்ன செய்வது? இளந்தண்டைப் போர்த்தியிருக்கும் மட்டையைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். பூவும் மட்டையும் ஒரே புதரிலிருந்து கிடைப்பது அரிது, ஏனென்றால் பூத்த புதரில் பெரும்பாலும் புதுத்தண்டு வராது. உங்கள் புதரடியில் பழைய மட்டை கிடந்தால் பொறுக்கி வையுங்கள்.

அம்மா சொல்வதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். மிசோரமில் 1911-12-இல் மூங்கில் பூத்து, அரிசியைத் தின்று எலி பெருகி, பிறகு வயலில் இறங்கிப் பஞ்சம் வந்தது. அடுத்தது எப்போது என்று பெரியவர்களுக்குத் தெரியும், முன்கூட்டியே சொன்னார்கள். மிசோரம் அப்போது அசாமுக்குள் இருந்தது, அசாம் அரசு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1958-59-இல் அப்படியே நடந்தது. பஞ்ச நிவாரணத்துக்காகத் தொடங்கிய அமைப்பு 1961-இல் மிசோ தேசிய முன்னணியானது, 1966-இல் ஆயுதம் எடுத்தது, 1986-இல்தான் சமாதானம். பெரியவர்களின் நினைவை ஆவணமாக மதித்திருந்தால் எவ்வளவு துயரம் குறைந்திருக்கும்! ஆனால் அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்: மலை மலையாகச் சேர்ந்து பூத்தால்தான் எலி அப்படிப் பெருகும், வரப்பில் ஒரு புதருக்குப் பயப்பட வேண்டாம்.

ஆகவே இப்போது வெட்டாதீர்கள். அரிசி முழுக்க உதிரட்டும். பிறகு வெட்டியே ஆக வேண்டும், காய்ந்த புதர் சுலபமாகத் தீப்பிடிக்கும். விதையைச் சேர்த்துவைத்து அடுத்த வருடம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், சில மாதங்களில் முளைப்புத்திறன் போய்விடும். இந்த மழைக்கே நாற்று விடுங்கள். முளைத்த மாதமும் வருடமும் எழுதி நிலப்பத்திரத்தோடு வையுங்கள். சுவரில் கரியால் எழுதினால் போதாது, அடுத்த வெள்ளையடிப்பில் போய்விடும். இதைப் பார்க்கப்போவது உங்கள் பேரப்பிள்ளைகள்.

லாபமா? உங்கள் பக்கத்து வறட்சிக்குக் கல்மூங்கில் தாங்கும். மூன்று வருடம் முதிர்ந்த கழியை மட்டும் வெட்டுங்கள். விலை நிலவரம் சந்தையில் விசாரியுங்கள்.

இந்த வாரமே அந்த நர்சரிக்காரரைப் போய்ப் பாருங்கள். சண்டை போடாமல், தாய்ப்புதர் எந்த ஊரில் நிற்கிறது என்று கேளுங்கள். அதுவும் பூத்திருந்தால் எனக்கு எழுதுங்கள், நானே அகளிக்குக் கிளம்பி வருகிறேன்.

அன்புடன்,
அக்கா