வெளியுறவுப் பணிப் பயிற்சி என்றாலே அரசுச் செலவில் ஊர் சுற்றுவதுதானா?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. பிலிப்பைன்ஸில் பயிற்சியில் இருந்த யாரோ ஒருவர் தீவு தீவாகப் படம் போட்டிருப்பதைச் சொல்லி, "இவர்களுக்கு வேலையே கிடையாதா, எல்லாம் நம் வரிப்பணம்தானே" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவராக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கோபத்துக்கு நடுவில் கொஞ்சம் ஆசையும் தெரிகிறது. ஆசை இருந்தால் நல்லதுதான்.

நானும் பயிற்சிக்காலத்தில் கொஞ்ச நாள் மணிலாவில் இருந்தவன். இன்னும் பணியில் இருக்கிறேன் என்பதால் எந்த ஆண்டு, எந்த பேட்ச் என்று சொல்ல மாட்டேன். முதலில் பண விஷயத்தை முடித்துவிடுகிறேன். சனி, ஞாயிறு, பண்டிகை விடுமுறையில்தான் போனோம். ஊரை விட்டு வெளியே போவதற்கு எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினோம். விமான டிக்கெட், தங்கும் விடுதி, சோறு எல்லாம் சொந்தச் சம்பளம். எல்லாரும் இப்படித்தான் என்று சத்தியம் செய்ய வரவில்லை, எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். ஆனால் "ஊர் சுற்றியது வீண்" என்று மட்டும் யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏன் என்பதற்கு பொஹோல் தீவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

பேட்ச் நண்பர் ஒருவரும் நானும் அங்கே போயிருந்தோம். அவர் ஜலந்தர் பக்கத்துக்காரர், ஆறடி உயரம், தலைப்பாகை, தாடி. தீவின் தலைநகரான தக்பிலாரனில் ஒரு பைக்கை வாடகைக்கு எடுத்துக்கொண்டு சாக்லேட் ஹில்ஸ் பார்க்கக் கார்மன் என்ற ஊருக்குக் கிளம்பினோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுண்ணாம்புக் குன்றுகள், கோடை வந்தால் புல் காய்ந்து பழுப்பாகிவிடும், அதனால் அந்தப் பெயர். வழியில் பிலார் பக்கம், மனிதர்கள் நட்டு வளர்த்த மஹோகனிக் காடு ஒன்று வரும், ரோட்டின் இரு பக்கமும் கூரை போட்ட மாதிரி நிழல். அதைத் தாண்டியதும் வெயில் பொளந்து கட்டியது. ரோட்டோரம் ஒரு சாரி-சாரி கடை தெரிந்தது. நம்மூர்ப் பெட்டிக்கடைதான், ஆனால் முன்னால் முழுக்கக் கம்பி வலை அடித்து, ஒரு கை நுழையும் அளவுக்கு மட்டும் சதுரமாக வெட்டி விட்டிருப்பார்கள். உள்ளே ஷாம்பு பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கும்.

பைக்கை நிறுத்தியதுதான் தாமதம், கடையில் நின்றிருந்த அம்மா சட்டென்று கீழே உட்கார்ந்துவிட்டார். ஒரு சின்னப் பையன் எழுந்து வந்து, "அம்மா வீட்ல இல்லை, நாளைக்கு வாங்க" என்று தெளிவான ஆங்கிலத்தில் சொன்னான். வலைக்குப் பின்னால் அம்மாவின் கொண்டை தெரிகிறது. "தண்ணி பாட்டில்தான் வேணும் தம்பி" என்றார் நண்பர். பையன் குனிந்து ஏதோ கேட்டான், நிமிர்ந்தான், "தண்ணியும் நாளைக்குத்தான்" என்றான். அதற்குள் எதிர்க்கடையில் பலகையைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

எனக்குப் புரியவில்லை, நண்பருக்குப் புரிந்துவிட்டது. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு வண்டி மேலேயே உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிக்கிறார். விஷயம் இதுதான்: பிலிப்பைன்ஸின் சிற்றூர்களில் பைக்கில் வரும் இந்தியர் என்றால் தண்டல்காரர் என்றே அர்த்தம். அங்கே அதை ஃபைவ்-சிக்ஸ் என்பார்கள். 5 வாங்கினால் 6 திருப்பித் தர வேண்டும், அதாவது 20 சதவீத வட்டி, தினமும் கடை வாசலுக்கே வந்து வசூல். கடனாகப் பணம் மட்டுமல்ல, மின்விசிறி, ரைஸ் குக்கர், குடை, கொசுவலை எல்லாம் தவணைக்குத் தருவார்கள். தொழில் செய்பவர்களில் நிறையப் பேர் பஞ்சாபிலிருந்து போனவர்கள். ஊர்க்காரர்கள் அவர்களை பும்பாய் என்பார்கள். அடம் பிடிக்கிற பிள்ளைகளிடம் "பும்பாய் வந்து தூக்கிட்டுப் போயிருவார்" என்று சொல்லிச் சோறு ஊட்டும் வழக்கமும் உண்டு. அந்தப் பையன் எங்கள் முன்னால் நின்று பேசியது பெரிய தைரியம்!

நண்பர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நாங்கள் வட்டிக்காரர்கள் இல்லை, இந்தியத் தூதரகத்தில் இருந்து வருகிறோம்" என்றார். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. அந்த அம்மா பதறி எழுந்து, "ஆறு நாள் பாக்கிக்கு எம்பசியிலயே சொல்லிட்டாரா?" என்று கேட்டார். கண்ணில் நிஜமாகவே நீர். நண்பர் உடனே கீழே இறங்கி, தலை குனிந்து, அக்கா அக்கா என்று அவர்கள் பாஷையிலேயே சமாதானம் சொல்லி, அடையாள அட்டையை அந்தச் சதுரத்துக்குள் நீட்டி, நாங்கள் மலை பார்க்க வந்தவர்கள் என்று நம்ப வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பிறகு அந்த அம்மா சிரித்தார் பாருங்கள், எதிர்க்கடையும் திறந்துவிட்டது. தெருவே கூடிவிட்டது. வாழைப்பழத்தைச் சர்க்கரையில் புரட்டிப் பொரித்துக் குச்சியில் குத்தி வைத்திருந்தார்கள், காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு அந்த அக்கா எடுத்துக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. உள்ளங்கை அளவு மஞ்சள் அட்டை, கட்டம் கட்டமாகத் தேதிகள், கட்டிய நாளுக்கெல்லாம் நீல மையில் ஒரு கிறுக்கல், மூலை மட்கி வியர்வையில் ஊறியிருந்தது. கடைசி ஆறு கட்டம் காலி. "பேங்க்ல அடையாளச் சீட்டு, ஜாமீன், கடைக்கு லைசென்ஸ் எல்லாம் கேட்பாங்க. எங்க பும்பாய் பத்து நிமிஷத்துல எடுத்துக் கொடுத்துடுவார். மழைன்னாலும் வருவார். பையனுக்கு டெங்கு வந்தப்போ இவர்தான் கொடுத்தார்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஆனா அந்த பைக் சத்தம் கேட்டா வயிறு கலங்குது" என்றார்.

அதற்கு முன் இந்த விஷயத்தை நான் காகிதத்தில் படித்திருந்தேன். 2017 ஜனவரியில் அதிபர் துதெர்த்தே ஃபைவ்-சிக்ஸ் தொழில் செய்யும் வெளிநாட்டவரைப் பிடித்து நாடு கடத்தச் சொன்னது, அதற்கு மாற்றாக அதே ஆண்டு அவர்கள் அரசு சிறு வியாபாரிகளுக்குக் குறைந்த வட்டிக் கடன் திட்டம் கொண்டு வந்தது, இதெல்லாம் தெரியும். தண்டல்காரரும் நம் குடிமகன், அவர் வழிப்பறிக்கு ஆளானால் தூதரகத்துக்குத்தான் போன் வரும் என்பதும் தெரியும். ஆனால் அந்த ஆறு காலிக் கட்டங்கள் எந்தக் கோப்பிலும் இல்லை. இதைப் படித்துவிட்டு, கந்துவட்டிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாராவது கிளம்புவீர்கள். வாங்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு வேறு வழி இல்லாமல் இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லியே தீர வேண்டும். அதே பொஹோலில் டார்சியர் என்ற குட்டி விலங்கு உண்டு. கைக்குள் அடங்கும், கண் ஒவ்வொன்றும் அதன் மூளையை விடப் பெரியது, கண்ணை அசைக்க முடியாததால் கழுத்தை முழுக்கப் பின்னால் திருப்பிப் பார்க்கும். இரவில் நடமாடும் பிராணி, சத்தமும் வெளிச்சமும் ஆகாது. 1997லேயே சிறப்புப் பாதுகாப்பு கொடுத்துவிட்டார்கள். அப்படியும் ஒரு பயண ஏஜென்ட் எங்களை அழைத்துப் போன இடத்தில், பட்டப்பகலில் அதை வாசல் பக்கத்துக் கிளையில் உட்கார வைத்து, வரிசையில் நின்றவர்கள் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் நம் நாட்டுச் சுற்றுலாக் குழுவும் ஒன்று. "சத்தம் போடாதீங்க" என்று சொன்னதற்கு, "காசு கொடுத்துத்தானே வந்திருக்கோம்" என்றார் ஒருவர். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தயவு செய்து கொரெல்லாவில் உள்ள சரணாலயத்துக்குப் போங்கள், மரத்திலேயே இருக்கும், தூரத்தில் நின்று பார்க்கலாம்.

மணிலா திரும்பியதும் நண்பர் என்னைத் தேசிய அருங்காட்சியகத்துக்கு இழுத்துப் போனார். 2016 முதல் அங்கே நுழைவுக் கட்டணமே இல்லை. அங்கேதான் லகூனா செப்பேடு இருக்கிறது. 1989ல் லும்பான் ஆற்றங்கரைப் பக்கம் மணல் அள்ளும்போது கிடைத்தது. சக ஆண்டு 822, அதாவது கி.பி. 900, வைகாசி மாதம், தேய்பிறை நான்காம் நாள், திங்கட்கிழமை என்று நம் கல்வெட்டுகள் போலவே ஆரம்பிக்கிறது. பழைய மலாய், நடுநடுவே சமஸ்கிருதம். இதுவரை கிடைத்தவற்றில் அந்த நாட்டின் மிகப் பழைய, தேதியிட்ட ஆவணம் இதுதான். அதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? நம்வரன் என்பவருடைய தங்கக் கடன் முழுவதும் தீர்ந்தது, இனி அவர் வாரிசுகளிடம் யாரும் கேட்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்த கடன் தீர்வுப் பத்திரம்! நண்பர் அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று சிரித்த சிரிப்பில் காவலர் வந்து என்ன என்று விசாரித்தார். பொஹோல் கதையைச் சொன்னோம். அவரும் சிரித்துவிட்டு, தன் அம்மாவும் ஒரு பும்பாயிடம் ரைஸ் குக்கர் வாங்கியதைச் சொன்னார்.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை மணிலாவை அடுத்துள்ள காயிந்தா என்ற ஊருக்குப் போனோம். 1762ல் ஆங்கிலேயர் படை சென்னையிலிருந்து கப்பலேறிப் போய் மணிலாவைப் பிடித்தது, 1764 வரை வைத்திருந்தது. அந்தப் படையில் போன சிப்பாய்களில் சிலர் திரும்பாமல் காயிந்தாவிலேயே கல்யாணம் செய்து தங்கிவிட்டார்கள். தமிழ் பேசியவர்களும் அதில் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம். சிப்பாய் வம்சத்தார் எங்கே இருக்கிறார்கள் என்று தெருவில் விசாரித்தால், எல்லாரும் கை காட்டியது ஒரு வட்டிக்காரர் வீட்டை! கடைசியில் ஒரு டிரைசைக்கிள்காரர் (பைக்கோடு பக்கப்பெட்டி சேர்த்த, அந்த ஊர் ஆட்டோ), நல்ல கறுப்பு, எடுப்பான மூக்கு, "எங்க தாத்தாவும் அப்படித்தான் சொல்வார்" என்றார். நான் சென்னைப் பக்கத்திலிருந்து வருகிறேன் என்றதும், "அப்போ நீ எனக்குத் தம்பி முறை" என்று முடிவு செய்து ஊர் முழுக்கச் சுற்றிக் காட்டினார். வாடகையை எவ்வளவு வற்புறுத்தியும் வாங்கவில்லை.

பயிற்சிக்கு மணிலா கிடைத்தால் காயிந்தாவுக்கு ஜீப்னியிலேயே போங்கள், நம்மூர் ஷேர் ஆட்டோ மாதிரி, ஆனால் நீளமான வண்டி. காசைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்தால் கை மாறி டிரைவரிடம் போகும், மீதியும் அதே வழியில் திரும்பி வரும். சில்லறை எடுத்துக்கொள்ளுங்கள், காலையில் ஆயிரம் பெசோ நோட்டை நீட்டினால் வண்டி மொத்தமும் உங்களைத் திரும்பிப் பார்க்கும்.